பஞ்சுக்குள் இருக்கும் நஞ்சுக்கு ஒரு முகவரி

சென்னை காசிமேட்டில் விசைப்படகுகள் கரை சேரும் விடியற்காலையில், வலையின் மடியை அவிழ்த்துக் கொட்டியதும் முதலில் பிரிபடுவது விலைபோகும் சரக்கு. இறால் ஒரு கூடைக்கு, கணவாய் ஒரு கூடைக்கு, சங்கரா ஒரு கூடைக்கு. மிச்சம் கிடப்பது கழிசல்: பொடி மீன், நண்டுக் குஞ்சு, உடைந்த சிப்பி. அந்தக் குவியலில் சில நாள் கைப்பிடி அளவில் ஒன்று கிடக்கும். ஆரஞ்சு நிறமாகவோ, கரும்பழுப்பாகவோ, ஈர ரப்பர் மாதிரி இருக்கும். அழுத்தினால் தண்ணீர் கக்கும். ஊசிப்போன பூண்டு போல ஒரு நாற்றம் அடிக்கும். அதுதான் கடற்பஞ்சு.

ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில் பாலித்தீன் பையோடு அங்கே போய் நிற்பேன். ஒருநாள் குனிந்து ஒரு பஞ்சை எடுக்கப் போனபோது படகுக்காரர் ஒருவர் தடுத்தார். "வெறுங்கையால தொடாதீங்க தம்பி, சாயந்திரம் வரைக்கும் அரிக்கும்." "எதனாலண்ணே அரிக்குது?" என்று கேட்டேன். "அதுக்குக் காலும் இல்ல, பல்லும் இல்ல. வேற எத வச்சிப் பொழைக்கும்?" என்றார்.

கடல்சார் வேதியியலில் எழுபது ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு பெரிய தேடலின் அடிப்படை அந்த ஒரு பதிலில் இருக்கிறது. "கடற்பஞ்சிலிருந்து புற்றுநோய்க்குப் புதிய மருந்து" என்ற தலைப்போடு அவ்வப்போது செய்திகள் வரும்போது, அந்த மருந்து ஏன் பஞ்சில் இருக்க வேண்டும், அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், கண்டுபிடித்தது புதியது என்று எப்படித் தெரியும் என்பதெல்லாம் விடுபட்டுப் போகிறது. இவற்றில் கடைசிக் கேள்விதான் மிகக் கடினமானது. அதைத்தான் இங்கே நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஆல்கலாய்டு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். பெயர்தான் புதிது, பொருள் நம் வீட்டிலேயே இருக்கிறது. காலையில் குடிக்கும் காபியின் காஃபின் ஓர் ஆல்கலாய்டு. மிளகு ரசத்தில் நாக்கைச் சுடும் பைப்பரின் இன்னொன்று. எட்டிக்காயின் கசப்புக்கும் கொல்லும் திறனுக்கும் காரணமான ஸ்ட்ரிக்னின் மற்றொன்று. மலேரியாவுக்கான குயினைனை 1820இல் பெல்லெட்டியே, காவெந்து என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் சின்கோனாப் பட்டையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். பின்னாளில் அந்த மரத்தை நீலகிரியில் வளர்த்து, நடுவட்டத்தில் பட்டையிலிருந்து குயினைன் எடுத்தார்கள். நம் வாசலிலும் சுடுகாட்டு ஓரத்திலும் ஒருபோலப் பூக்கிற நித்தியகல்யாணியில் இருக்கும் வின்கிரிஸ்டின் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுக்குக் கொடுக்கப்படுகிறது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது, கரிமச் சட்டகத்துக்குள் உட்கார்ந்திருக்கும் நைட்ரஜன் அணு. பெரும்பாலான ஆல்கலாய்டுகள் காரத்தன்மை கொண்டவையாக இருப்பது அந்த நைட்ரஜனால்தான். ஆய்வகத்தில் அவற்றைப் பிடிக்க உதவும் கயிறும் அதுவே.

செடி ஏன் இப்படி ஒரு பொருளைச் செய்ய வேண்டும்? ஓட முடியாது என்பதால். ஆடு மேயவரும், புழு அரிக்கவரும். நின்ற இடத்திலேயே நின்று சமாளிக்க வேண்டும். கடலடியில் செடியைப் போலவே ஒட்டிக்கொண்டு வாழும் விலங்கு கடற்பஞ்சு. பள்ளிப் பாடத்தில் துளையுடலிகள் என்று படித்திருப்போம். நரம்பில்லை, தசையில்லை, வாயில்லை, குடலில்லை. உடல் முழுக்கச் சிறு துளைகள். உள்ளே சாட்டை போன்ற இழைகளை ஆட்டிக்கொண்டே இருக்கும் செல்கள் தண்ணீரை உள்ளிழுத்து, அதிலுள்ள பாக்டீரியாவை வடித்துத் தின்றுவிட்டு, மேலேயுள்ள பெரிய துளை வழியாகத் தண்ணீரை வெளியே தள்ளும். ஒரு கிலோ எடையுள்ள பஞ்சு ஒரே நாளில் ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீரை இப்படி வடிக்கும்.

1907இல் ஹெச். வி. வில்சன் என்ற அமெரிக்க விலங்கியலாளர் உயிருள்ள பஞ்சு ஒன்றை மெல்லிய பட்டுத் துணியில் வைத்துப் பிழிந்து, தனித்தனிச் செல்களாக்கித் தண்ணீரில் விட்டார். செல்கள் ஊர்ந்துபோய் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு மறுபடி பஞ்சாயின. முதல்முறை இதைப் படித்தபோது இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. 50 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக இந்த எளிய உடலோடு பூமியில் நீடித்திருப்பதென்றால் அதற்கு ஒரு பாதுகாப்பு இருந்தாக வேண்டும்.

பாதுகாப்பு இரண்டு வகை. ஒன்று, உடம்பெங்கும் கிடக்கும் நுண்முட்கள். பெரும்பாலான பஞ்சுகளில் இவை சிலிக்காவால், அதாவது கண்ணாடிக்கு மூலமான அதே பொருளால் ஆனவை. கையில் அரிப்பதற்கு இந்த முட்களும் ஒரு காரணம். இன்னொன்று ரசாயனம். ஏஜிலஸ் என்ற பேரினத்துப் பஞ்சுகளில் ஒராய்டின் என்ற ஆல்கலாய்டு இருக்கிறது. மத்தியதரைக் கடலின் ஏஜிலஸ் ஒராய்ட்ஸ் என்ற பஞ்சிலிருந்து 1971இல் வெளியுலகுக்கு வந்தது. அதைக் கலந்த இரையை மீன்கள் தின்னாமல் துப்பிவிடுகின்றன.

ஒராய்டினுக்குள் இரண்டு புரோமின் அணுக்கள் இருக்கின்றன. நிலத்துச் செடிகளின் ஆல்கலாய்டுகளில் புரோமினைப் பார்ப்பது அரிது. ஒரு லிட்டர் கடல்நீரிலோ ஏறக்குறைய 65 மில்லிகிராம் புரோமைடு கரைந்திருக்கிறது. கைக்கெட்டிய பொருளை எடுத்துப் பஞ்சு சமைக்கிறது. கடல் ஆல்கலாய்டுகள் நிலத்து ஆல்கலாய்டுகளின் நகல் அல்ல, தனிக் குடும்பம் என்று சொல்வது இதனால்தான்.

சமைப்பது பஞ்சுதானா என்பதும் சந்தேகத்துக்குரியது. சில பஞ்சு இனங்களின் உடலில் ஏறத்தாழ 40 சதவீதம் வரை நுண்ணுயிர்களே. தியோனெல்லா ஸ்வின்ஹோயி என்ற ஜப்பானியப் பஞ்சில் கிடைத்த பலவகைச் சேர்மங்களில் பெரும்பாலானவற்றை உண்டாக்குவது என்டோதியோனெல்லா என்ற பாக்டீரியா என்று 2014இல் யோர்ன் பீல் குழுவினர் மரபணு வழியாகக் காட்டினார்கள். பஞ்சு வீட்டுக்காரர், மருந்து செய்வது குடியிருப்பவர் என்கிற நிலை. எல்லாப் பஞ்சிலும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

இனி ஆய்வகத்துக்கு வருவோம். கரையில் எடுத்த பஞ்சு உடனே சாராயத்துக்குள், அதாவது எத்தனாலுக்குள் போக வேண்டும். இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் அழுகிவிடும். பஞ்சின் எடையில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அது சாராயத்தை நீர்த்துப் போகச் செய்யும். மறுநாள் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். வடித்ததைக் கொட்டிவிடக் கூடாது, சேர்மங்களில் பாதி அதில்தான் இருக்கும். பிறகு பஞ்சைத் துண்டுதுண்டாக வெட்டி, மெத்தனாலில் ஊறவைத்து, வடித்து, அழுத்தத்தைக் குறைத்துக் கரைப்பானை ஆவியாக்கினால், குடுவையின் அடியில் பாகு மாதிரி ஒரு பழுப்புக் கசடு நிற்கும். அதில் உப்பு, கொழுப்பு, நிறமி எல்லாம் கலந்திருக்கும். அந்தக் கூட்டத்திலிருந்து ஆல்கலாய்டை மட்டும் வெளியே வரவழைக்க ஒரு பழைய வழி உண்டு.

நீர்த்த அமிலம் ஊற்றினால், காரமான ஆல்கலாய்டு அமிலத்தோடு சேர்ந்து உப்பாகித் தண்ணீருக்குள் இறங்கிவிடும். கொழுப்பும் நிறமியும் மேலேயே நிற்கும். தண்ணீரைப் பிரித்தெடுத்து அதில் அம்மோனியா விட்டால் ஆல்கலாய்டு மறுபடி தன் இயல்புக்குத் திரும்பும். தண்ணீரில் இருக்கப் பிடிக்காமல் குளோரோஃபார்முக்குள் தாவிவிடும். வந்திருக்கிறதா என்று பார்க்க, சிலிக்கா பூசிய தகட்டில் ஒரு பொட்டு வைத்து, கரைப்பானில் ஏறவிட்டு, டிராகன்டார்ஃப் கரைசலைத் தெளிப்பார்கள். பிஸ்மத்தும் பொட்டாசியம் அயோடைடும் சேர்ந்த கரைசல் அது. ஆல்கலாய்டு இருந்தால் அந்த இடத்தில் ஆரஞ்சுப் பொட்டு பூக்கும். சேலையூர் பக்கத்தில் ஒரு சின்னக் கல்லூரி ஆய்வகமும் இதைச் செய்ய முடியும். கடல் ஆல்கலாய்டுகளில் தண்ணீரை விட்டு வரவே மறுக்கிற பிடிவாதக்காரர்களும் உண்டு. அவற்றுக்கு இந்த வழி பலிக்காது, குரோமடோகிராபிக் குழாய்களில் நாள்கணக்கில் நின்று பிரிக்க வேண்டும்.

நான் வேலை செய்த ஆய்வகத்தின் அலமாரியில் ஒரு புட்டி இருந்தது. தெற்கே எங்கோ ஒரு மீன்பிடிக் கரையில் யாரோ சேகரித்துக் கொண்டுவந்து கொடுத்த பஞ்சு. மேலே ஒட்டியிருந்த சீட்டில் மையால் எழுதியிருந்தார்கள். சாராயம் வழிந்து எழுத்து முழுக்கக் கலைந்துபோயிருந்தது. இடம் தெரியாது, தேதி தெரியாது, என்ன பஞ்சு என்றும் தெரியாது. ஆனாலும் ஆரஞ்சுப் பொட்டு பளிச்சென்று வந்ததால் அதைக் கையில் எடுத்தேன்.

மூன்று மாதம் ஆயிற்று. குழாய் குழாயாகப் பிரித்து, கடைசியில் சில மில்லிகிராம் தூய பொடி கிடைத்தது. மூலக்கூறின் எடையைக் காட்டும் நிறை நிறமாலைக்கு அனுப்பினோம். வந்த வரைபடத்தில் 388, 390, 392 என்று மூன்று கோடுகள், உயரம் ஒன்றுக்கு இரண்டுக்கு ஒன்று. என் கை நடுங்கியது. காரணம் சொல்கிறேன். புரோமின் இயற்கையில் 79, 81 என்று இரண்டு நிறைகளில், ஏறக்குறையப் பாதிக்குப் பாதி கலந்து கிடைக்கிறது. ஒரு மூலக்கூறில் ஒரு புரோமின் இருந்தால் வரைபடத்தில் சம உயரத்தில் இரட்டைக் கோடு விழும். இரண்டு புரோமின் இருந்தால் ஒன்று-இரண்டு-ஒன்று என்று மூன்று கோடுகள். வேறு எந்தத் தனிமமும் இப்படிக் கையெழுத்துப் போடாது. அதோடு, அயனியாவதற்காக ஒட்டிக்கொண்ட ஒரு ஹைட்ரஜனைக் கழித்தால் நிறை 387, ஒற்றைப்படை எண். ஒற்றைப்படை என்றால் நைட்ரஜன் அணுக்களும் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்பது விதி. புரோமினும் நைட்ரஜனும் சேர்ந்த கடல் ஆல்கலாய்டு! புதியது ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அன்று நம்பினேன்.

அது ஒராய்டின். நான் பிறப்பதற்கு முன்பே, 1971இலேயே உலகம் அறிந்த பொருள்.

இதைக் கடல் வேதியியலில் அறிந்ததை மறுபடி அறிவது என்பார்கள். உலகெங்கும் கடல் உயிர்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய சேர்மங்கள் பதிவாகின்றன. வெகுகாலம் பஞ்சுகள்தான் அதில் முன்னணியில் இருந்தன. அண்மைக் காலத்தில் கடல் பூஞ்சைகள் முந்திவிட்டன. அவ்வளவும் குவிந்து கிடக்கும்போது, கையிலிருப்பது பழையதா புதியதா என்று ஆரம்பத்திலேயே சலித்துப் பார்ப்பதுதான் இன்றைய கண்டுபிடிப்பின் பெரும்பகுதி வேலை. இப்போது பிரிப்பதற்கு முன்பே, கசடாக இருக்கும்போதே நிறமாலை எடுத்துவிடுகிறார்கள். மூலக்கூறுகள் உடையும் விதத்தை ஒப்பிட்டு, ஒரே சாயலுள்ளவற்றை ஒரே குடும்பமாக வலைபோலக் கோத்துக் காட்டும் இணையத் தரவுத்தளம் ஒன்று 2016 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. அந்த வலையில் அறிந்த பொருளோடு ஒட்டிக்கொள்வது பழைய குடும்பம். எதோடும் ஒட்டாமல் தனியே நிற்கும் புள்ளிதான் ஆய்வாளரின் தூக்கத்தைக் கெடுக்கும்.

அந்தத் தனிப்புள்ளி கிடைத்தால் பிறகு வடிவம் காண வேண்டும். சில மில்லிகிராமை மெல்லிய கண்ணாடிக் குழாயில் கரைத்து என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கருவிக்குள் இறக்குவார்கள். எந்த ஹைட்ரஜன் எந்தக் கார்பனோடு ஒட்டியிருக்கிறது, எது எதற்குப் பக்கத்தில் நிற்கிறது என்று துண்டுதுண்டாகத் தகவல் வரும். பானைச் சில்லுகளை ஒட்டிப் பானையின் உருவம் காண்பது போன்ற வேலை. சென்னையில் இதற்கு வசதிக் குறைவில்லை. ஐஐடி மெட்ராஸின் உயர்நுட்பப் பகுப்பாய்வுக் கருவி மையத்தில் வெளி ஆய்வாளர்களும் கட்டணம் கட்டி மாதிரி கொடுக்கலாம்.

கருவி இருந்தாலும் சறுக்கும் இடம் உண்டு. பலாவ் தீவுகளின் பஞ்சு ஒன்றிலிருந்து கிடைத்த பலாவாமீன் என்ற ஆல்கலாய்டை 1993இல் ஹவாயின் பால் ஷூயர் குழு வெளியிட்டது. ஒராய்டினின் அதே குடும்பம்தான். அவ்வளவு சிறிய இடத்துக்குள் அத்தனை வளையங்களையும் நைட்ரஜனையும் திணித்த வடிவம். உலகின் தேர்ந்த ஆய்வகங்கள் அதைச் செயற்கையாகச் செய்யப் போட்டியிட்டன. 2007இல்தான் வளையங்கள் பிணைந்திருக்கும் திசையைத் தவறாகக் குறித்திருக்கிறார்கள் என்று தெரியவந்தது. பதினான்கு ஆண்டுகள் எல்லோரும் இயற்கையில் இல்லாத ஒரு வடிவத்தைக் கட்ட முயன்றுகொண்டிருந்தார்கள். திருத்திய வடிவத்தை ஃபில் பாரன் குழு 2010இல் செய்து முடித்தது. இதை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. முதலில் அறிவித்தவர்கள் தரவை முழுமையாக வெளியிட்டிருந்ததால்தான் பின்னால் வந்தவர்கள் திருத்த முடிந்தது.

வடிவமும் கிடைத்துவிட்டது, உயிரணுக்களையும் கொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். மருந்தாகிவிடுமா? செய்தித் தலைப்புகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வாசகரை ஏமாற்றுகின்றன. கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்த புற்றணுக்களை பிளீச்சிங் பவுடர் கரைசலும் கொல்லும். நல்ல செல்லை விட்டுவிட்டு கெட்ட செல்லை மட்டும் கொல்கிறதா, உடலுக்குள் போனால் நிற்கிறதா, ஈரல் தாங்குகிறதா என்பதுதான் கேள்வி. வீட்டில் ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு அந்தச் செய்தியைப் படிக்கிறவர் மனதை நினைத்தால், "சோதனைக் கிண்ணத்தில்" என்ற ஒரு சொல்லைத் தலைப்பிலேயே போடுவது கடமை என்று நினைக்கிறேன்.

மன்சமீன் கதை இதற்கு நல்ல உதாரணம். ஒகினாவாவின் மன்சமோ முனைக்கருகே எடுத்த ஹாலிகுளோனா வகைப் பஞ்சிலிருந்து தத்சுவோ ஹிகா குழுவினர் 1986இல் இதை அறிவித்தார்கள். பெயரும் அந்த முனையிலிருந்தே வந்தது. முதலில் புற்றணு எதிர்ப்புக்காகக் கவனம் பெற்றது. 2000இல் மலேரியா தொற்றிய எலிகளின் ஆயுளை அது நீட்டித்தது தெரிந்ததும், மாடித் தொட்டிகளிலும் கிணறுகளிலும் பெருகும் கொசுவோடு நெடுங்காலம் போராடிய சென்னை போன்ற ஊர்களுக்கு அது பெரிய நம்பிக்கையாக இருந்தது. எலியிடமிருந்து மனிதரிடம் இன்னும் அது வந்து சேரவில்லை. நம் நாட்டிலும் இத்தகைய முயற்சி உண்டு: லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆய்வு நிறுவனத்தார் ஹாலிகுளோனா எக்சிகுவா என்ற பஞ்சையும் அதிலுள்ள அராகுஸ்பாஞ்சின் சி என்ற ஆல்கலாய்டையும் யானைக்கால் நோய்ப் புழுக்களுக்கு எதிராகச் சோதித்தார்கள். யானைக்கால் நோயைத் தெருவில் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அந்தச் சோதனையின் அருமை தெரியும்.

கரை சேர்ந்தவையும் இருக்கின்றன. ஃபுளோரிடாக் கடலோரப் பஞ்சு ஒன்றில் வெர்னர் பெர்க்மன் 1950களின் தொடக்கத்தில் கண்ட வினோத நியூக்ளியோசைடுகளை (டிஎன்ஏவின் கட்டுமானத் துண்டுகளைப் போன்றவை) பார்த்துச் செய்யப்பட்ட சைட்டராபின், 1969இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ரத்தப் புற்றுக்காக இன்றும் சென்னை மருத்துவமனைகளில் ஏற்றப்படுகிறது. மார்பகப் புற்றுக்கான எரிபுலின் 2010இல் வந்தது. அதன் மூலம் ஹாலிகாண்ட்ரின் பி என்ற பஞ்சுச் சேர்மம். கறாராகச் சொன்னால் இவை இரண்டின் மூலங்களுமே ஆல்கலாய்டு அல்ல. ஆல்கலாய்டு இனத்திலிருந்து மருந்தானது டிராபெக்டெடின். அது கிடைத்தது பஞ்சிலிருந்து அல்ல, பஞ்சைப் போலவே ஒட்டிவாழும் கடற்பீச்சி ஒன்றிலிருந்து. ஐரோப்பாவில் 2007இல் அனுமதி கிடைத்தது.

இவை எல்லாவற்றிலும் ஒரே முட்டுக்கட்டை, அளவு. ஜப்பானில் 600 கிலோ பஞ்சிலிருந்து கிடைத்த ஹாலிகாண்ட்ரின் பி 12.5 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பைவிட மிகக் குறைவு. கடலைச் சுரண்டி மருந்து செய்ய முடியாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. யோஷிதோ கிஷி 1992இல் அந்த மூலக்கூறை முழுக்க ஆய்வகத்திலேயே கட்டிக் காட்டினார். அதன் பாதியே போதும் என்று தெரிந்து, அறுபதுக்கும் மேற்பட்ட படிகளில் எரிபுலினைத் தொழிற்சாலையில் செய்கிறார்கள். டிராபெக்டெடினுக்கு வேறு வழி கிடைத்தது: சூடோமோனாஸ் பாக்டீரியா தரும் ஒரு பொருளிலிருந்து தொடங்கி மிச்சத்தைக் கட்டுகிறார்கள். கடலிலிருந்து வர வேண்டியது வரைபடம் மட்டும்தான், அதற்குக் கைப்பிடி அளவே போதும்.

ஆனால் அந்தக் கைப்பிடி எது என்று உறுதியாகத் தெரிய வேண்டும். என் புட்டிக்கு மறுபடி வருகிறேன்.

ஒராய்டின் என்று தெரிந்த பிறகு, விலங்கியல் படித்த மூத்த அம்மா ஒருவரிடம் அந்தப் பஞ்சின் ஒரு துணுக்கைக் கொண்டுபோனேன். அவர் நகக்கண் அளவு கிள்ளி, கண்ணாடிப் பட்டையில் வைத்து, கடையில் வாங்கும் பிளீச்சில் இரண்டு சொட்டு விட்டார். நுரைத்தது. சதை கரைந்து போனதும் தண்ணீரால் இரண்டு முறை அலசி நுண்ணோக்கிக்கடியில் வைத்தார். "வாப்பா, வந்து பாரு" என்றார். குச்சி குச்சியாகக் கண்ணாடி முட்கள். ஒவ்வொரு குச்சியிலும் சீரான இடைவெளியில், முள் மூங்கிலின் கணுக்களைப் போல, வளைய வளையமாகச் சிறு முட்கள். "இப்படி வளையம் வளையமா இருந்தா ஏஜிலஸ். இதுல ஒராய்டின் இருக்கும்னு உங்க ஆளுங்கதானே எழுதியிருக்காங்க? மொதல்லயே வந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

அரை மணி நேரம். நான் செலவழித்தது மூன்று மாதம்.

பஞ்சின் பெயர் தெரிந்தால் அதன் வேதியியலில் பாதி தெரிந்த மாதிரி. ஏஜிலஸ் என்றால் புரோமின் சேர்ந்த பிர்ரோல் (நைட்ரஜன் உள்ள ஒரு வளையம்) குடும்பத்தை எதிர்பார்க்கலாம். புதியது வேண்டுமானால் அதைத் தாண்டிப் பார்க்க வேண்டும் என்று முதல் நாளே தெரிந்துவிடும். பெயர் தவறினால் கேடு இன்னும் பெரிது. வெளியில் நிறத்தாலும் உருவத்தாலும் பஞ்சை அடையாளம் காண முடியாது. ஒரே இனம் அலையடிக்கும் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) தட்டையாகவும் அமைதியான ஆழத்தில் கிளைத்தும் வளரும். பேர் தவறாகப் போட்டு வெளியான சேர்மத்தைத் தேடி இன்னொருவர் அந்தப் பஞ்சை எடுத்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. முகவரி தவறான கடிதம் மாதிரி அந்தச் சேர்மம் அலையும்.

இந்த முகவரி எழுதும் வேலையில் சென்னைக்குப் பழைய உரிமை இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் சென்னைப் பகுதியில் சேகரித்த பஞ்சுகளை லண்டனுக்கு அனுப்பினார். ஆர்தர் டெண்டி அவற்றை ஆராய்ந்து, சென்னையின் பஞ்சுகள் பற்றியே தனி அறிக்கை ஒன்றை 1887இல் வெளியிட்டார். மன்னார் வளைகுடாப் பஞ்சுகள் பற்றிய அறிக்கை அடுத்து வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் பி. ஏ. தாமஸ் மண்டபம் என்ற கடலோர ஊரில் உட்கார்ந்து மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் 275 இனங்களை முட்கள் வரை படம் வரைந்து பதிவு செய்தார். இன்றும் நம் கரையில் ஒரு பஞ்சுக்குப் பெயர் தேடினால் அவர் படங்களைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. சாந்தோம் நெடுஞ்சாலையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. மாதிரியை ஒப்படைத்து வைக்கும் வசதி நகருக்குள்ளேயே உண்டு என்பது பல வேதியியல் மாணவர்களுக்குத் தெரியாது.

குறை கருவியில் இல்லை என்று நான் நினைப்பது இதனால்தான். கோடிக் கணக்கில் விலையுள்ள கருவிக்கு நிதி கேட்டால் கிடைத்துவிடுகிறது. நுண்ணோக்கியும் பிளீச்சும் வைத்துக்கொண்டு இருபது ஆண்டுகள் முட்களைப் பார்க்கும் ஓர் ஆளுக்கு நிரந்தர வேலை கிடைப்பதில்லை. மரபணு வரிசையை வைத்து இனம் காணலாமே என்பார்கள். காணலாம், ஒப்பிடுவதற்கு யாரோ ஒருவர் முட்களைப் பார்த்துச் சரியாகப் பெயரிட்ட மாதிரியின் வரிசை தரவுத்தளத்தில் இருந்தால்.

முகவரிக்குச் சட்டத்திலும் மதிப்பு உண்டு. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தின்படி, இந்தியக் கடலின் உயிர்களை ஆய்வுக்காகவோ வணிகத்துக்காகவோ எடுக்கும் வெளிநாட்டவர் முன் அனுமதி பெற வேண்டும். மருந்தாகிப் பணம் வந்தால் பலனைப் பகிர வேண்டும். அனுமதி தரும் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் தரமணியில்தான் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே அனுமதி இல்லாமல் ஒரு பஞ்சையும் தொடக் கூடாது. சுண்ணாம்பு முட்கள் கொண்ட பஞ்சுகள் அனைத்தையும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்தார்கள். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடலின் மரபு வளங்களுக்காக 2023இல் ஐநாவில் ஓர் உடன்படிக்கை ஏற்கப்பட்டது. இந்தியா 2024இல் கையெழுத்திட்டது. எந்தக் கடல், எந்த நாள், யார் எடுத்தது என்று காட்ட முடியாத பஞ்சிலிருந்து உலகமே வியக்கும் ஆல்கலாய்டு வந்தாலும், படகைக் கொடுத்த கரைக்கு அதில் பங்கு கேட்க ஆதாரம் இருக்காது.

கழிசலில் வரும் பஞ்சை எடுப்பது கடலுக்குக் கூடுதல் கேடில்லை, ஏற்கெனவே வலையில் சிக்கியதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. பாதி உண்மைதான். இழுவை மடி ஒருமுறை உரசிப்போன பாரில் பஞ்சு மறுபடி தலையெடுக்க ஆண்டுகள் ஆகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் ஓய்ந்திருக்கும் காலத்தை நாங்கள் மாதிரிகளைச் சரிபார்க்க வைத்துக்கொள்வோம். புதுப் புட்டி வராது; பழைய புட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, முட்களைப் பார்த்து, பெயர் எழுதுவோம்.

இப்போது மாணவர்கள் யாராவது காசிமேட்டுக்குப் போவதாகச் சொன்னால் கையுறையோடு ஒரு பென்சிலும் டிரேசிங் தாளும் கொடுத்து அனுப்புகிறேன். மை சாராயத்தில் கரையும், பென்சில் கரையாது. டிரேசிங் தாள் ஊறினாலும் கிழியாது. அந்தத் துண்டில் தேதியும், படகு மடி இறக்கிய இடமும், எத்தனை பாகம் (மீனவர்கள் ஆழத்தைச் சொல்லும் அளவு) ஆழம் என்று படகுக்காரர் சொன்னதும் எழுதி, புட்டிக்கு வெளியே ஒட்டாமல் உள்ளேயே போட வேண்டும். அதோடு பஞ்சின் நிறத்தையும் எழுத வேண்டும். சாராயத்தில் விழுந்த சில நாளில் ஆரஞ்சும் ஊதாவும் வெளுத்து எல்லாப் பஞ்சும் ஒரே மண் நிறத்துக்கு வந்துவிடும். கரையில் கிடந்தபோது அது என்ன நிறத்தில் இருந்தது என்று பிறகு எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது.